இருபது வருஷம் பிந்திய ரஸிகன்

திருவாசகத்துக்கு உருகாதவனைப் பற்றித் தமிழ் நாட்டிலே ஒரு பழமொழி வழங்குகிறது. நேயர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பழமொழியைப் பள்ளிக்கூடத்திலே முப்பத்துமூன்று வருஷகாலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். அப்பேர்ப்பட்ட என்னுடைய வீட்டு அலமாரியில், இளையராஜாவின் 'திருவாசகம்' இசைத்தட்டு, மேலே சுற்றிய கண்ணாடித் தாளைக் கூடப் பிரிக்காத நிலையில், இருபது வருஷம் கிடந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்பாமல் இருந்தால் எனக்கு நல்லதுதான். ஆனால் விஷயம் என்னவோ உண்மை.

எங்கள் ஊர் கீரப்பாளையம். சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகும் ரஸ்தாவில் இருக்கிறது. பழைய தென்னாற்காடு ஜில்லா. 1993-ல் ஜில்லாவை இரண்டாகப் பிரித்த பிறகு கடலூர் மாவட்டம். ஒன்றியத்துக்குத் தலைமை ஊர் என்ற பெருமையைத் தவிர வேறு பெருமை எதுவும் நாங்கள் கொண்டாடுவதில்லை. ஒரு பக்கம் நெல் வயல், மறு பக்கமும் நெல் வயல். ஆனால் தில்லைக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்துவிட்டால் மனிதனுக்கு ஒருவிதக் கர்வம் தானாகவே வந்துவிடுகிறது. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல அம்பலவாணரே ஓலையில் எழுதிக்கொண்டு போய்த் தில்லைப் படியிலே கையெழுத்திட்டு வைத்தார் என்பது ஐதிகம். வடலூர் வள்ளலாரோ திருவாசகத்துக்காகத் தனியாக ஒரு பாமாலையே பாடியவர். அவர் பிறந்த மருதூரும் எங்களுக்குத் தூரமில்லை. இப்படி மேற்கே வடலூரும் கிழக்கே தில்லையுமாக நடுவிலே உட்கார்ந்திருப்பவனுக்கு, திருவாசகம் தன்னுடைய வீட்டுச் சொத்து என்ற எண்ணம் வருவதில் ஆச்சரியம் என்ன? அந்த எண்ணந்தான் என்னைக் கெடுத்தது.

2005-ஆம் வருஷம். ஓய்வு பெறுவதற்கு எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. என் தமக்கையின் மகன், அப்போதுதான் படிப்பை முடித்துச் சென்னையில் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தவன், முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் ஊருக்கு வந்தான். அவன் தாயாருக்கு ஒரு புடவை. எனக்கு ஒரு காகிதப் பை. பைக்குள்ளே இந்த இசைத்தட்டு.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். என் தமக்கை இளம் வயதிலேயே கணவரை இழந்தவள். பையனுடைய படிப்பைப் பற்றித் தீர்மானம் செய்யும் பொறுப்பு தாய்மாமனாகிய என் தலையில் விழுந்தது. பையனுக்குப் படிப்பு நன்றாக வந்தது. சங்கீதம் அதைவிட நன்றாக வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், "மாமா, நான் சிதம்பரத்திலேயே இசை படிக்கிறேன், வயலின் கற்றுக்கொள்கிறேன்" என்றான். ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் ஏற்படுத்திய இசைக் கல்லூரியின் புகழையும், அங்கே தலைமை வகித்த எம். எம். தண்டபாணி தேசிகரின் பெருமையையும் வகுப்பிலே மணிக்கணக்காகப் பேசியவன் நான்தான். ஆனால் மேடையிலே பேசுவது வேறு, வீட்டுப் பிள்ளையின் ஜீவனத்தைப் பற்றி யோசிப்பது வேறு அல்லவா? "வயலின் சோறு போடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். பையன் எதிர்த்துப் பேசவில்லை. இன்ஜினீயரிங் சேர்ந்தான்.

ஆகவே அந்தக் காகிதப் பையைப் பிரித்தபோது, அவன் அன்று சொல்லாத பதிலை இன்று தட்டிலே வைத்துக் கொடுக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. போதாக்குறைக்கு உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரத்து வாத்தியக் கோஷ்டி, அமெரிக்கர் எழுதிய இங்கிலீஷ் வரிகள், சினிமா சங்கீத டைரக்டர்! கேட்க வேண்டுமா?

"சிவபெருமான் ஏட்டில் எழுதினதற்கு ஹங்கேரிக்காரன் வந்து பின்னணி வாசிக்க வேண்டுமாக்கும்?" என்றேன்.

"மாமா, ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்" என்றான்.

"விஷத்தையும் ஒரு தடவை குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா?" என்று கேட்டேன்.

தமிழ் வாத்தியாருக்கு உவமைக்குப் பஞ்சமில்லை. பையன் முகம் சுண்டிப் போயிற்று. மறுநாள் காலை பஸ்ஸில் புறப்பட்டுப் போய்விட்டான். அதன் பிறகு அவன் என்னோடு பேசாமல் இருந்தான் என்று சொல்ல முடியாது. பண்டிகைக்கு வருவான், நமஸ்காரம் செய்வான், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான். சங்கீதத்தைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசமாட்டான்.

தட்டு அலமாரிக்குள் சென்றது. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் எங்கள் மாவட்டத்தைச் சூறையாடிய அன்று வீட்டு ஓடு பறந்து, அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிற்று. உரை நூல்கள் இரண்டு வரிசை ஊறிப் பாழாயின. கண்ணாடித் தாள் பிரிக்காத அந்தத் தட்டுக்கு மட்டும் ஒரு குறையும் நேரவில்லை! அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என் பிடிவாதத்துக்கு ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை. ஓதுவார்கள் திருவாசகத்தைப் பெரும்பாலும் மோஹன ராகத்தில் பாடுவது வழக்கம். மத்யமமும் நிஷாதமும் இல்லாமல் ஐந்தே ஸ்வரங்களில் அடங்கிய ராகம். பாடுகிறவருக்கு வித்தை காட்ட அதிகம் இடம் கிடையாது. கேட்கிறவருடைய காதும் ராகத்தின் பின்னாலே ஓடாமல் சொல்லின் மேலேயே நிற்கும். விடியற்காலையில், தம்பூரா கூட இல்லாமல், ஒரு வயோதிக ஓதுவார் திருவாசகம் பாடிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டவர்களுக்கு வேறு வாத்தியம் எதற்கு என்றுதான் தோன்றும். இருபது வருஷமாக என்னுடைய கட்சி அதுவே. அந்தக் கட்சியை இப்போதும் முழுக்க விட்டுவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சென்ற மார்கழியில் நடந்தது இது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, பள்ளிக்கூடத்துப் போட்டியிலே அச்சப்பத்து ஒப்பிக்க வேண்டும் என்றாள். நான் வாசலிலே நாற்காலி போட்டு உட்கார்ந்து சீர் பிரித்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என் குரல் அலுத்துவிட்டது போலிருக்கிறது. "தாத்தா, செல்போனிலே தேடினால் யாராவது பாடியிருப்பார்கள்" என்று சொல்லி எதையோ அழுத்தினாள். அந்தச் சிறு பெட்டியிலிருந்து திடீரென்று வாத்தியங்கள் கிளம்பின. சினிமாவாக்கும் என்று நினைத்து, "அணை அதை!" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சொல் காதில் விழுந்துவிட்டது.

அச்சப்பத்து ஒரு விசித்திரமான பாட்டு. பாம்புக்கு அஞ்ச மாட்டேன், நோய்க்கு அஞ்ச மாட்டேன், நெருப்புக்கும் யானைக்கும் இடிக்கும் அஞ்ச மாட்டேன் என்று அடுக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு செய்யுளின் முடிவிலும், இறைவனிடத்தில் அன்பில்லாத மனிதரைக் கண்டால் மட்டும் நடுங்குகிறேன் என்று அடிகள் சொல்கிறார். இதை நான் எத்தனையோ தடவை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். 'அஞ்சாமையைக் கூறுவது' என்று பொழிப்பு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அஞ்சேன், அஞ்சேன் என்று சொல்கிறவனுடைய குரலுக்குள்ளே பயம் ஒளிந்திருக்கலாம் என்பது அன்று வரையில் எனக்குத் தோன்றியதே கிடையாது. தனிக் குரல் ஒன்று சொல்கிறது; கூட்டம் ஒன்று அதை வாங்கிக்கொள்கிறது; கீழே தந்தி வாத்தியங்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. இருட்டிலே தனி வழி போகிறவன் உரக்கப் பாடிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி இருந்தது. அஞ்ச வேண்டியது அன்பில்லாதவனுக்கு என்ற இடம் வந்தபோது, நேயர்களே, நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரைப் பற்றிப் பேச்சு என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னொரு தடவை போடு" என்றேன்.

மூன்று தடவை கேட்ட பிறகுதான், "யார் பாடினது அம்மா இது?" என்று விசாரித்தேன். குழந்தை சொன்னாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். தட்டு இருந்தது. கண்ணாடித் தாளை நகத்தால் கீறிப் பிரித்தேன். ஆனால் பாருங்கள், இப்போது தட்டு இருக்கிறதே தவிர, அதைச் சுழற்றுகிற பெட்டி வீட்டில் இல்லை! இருந்த பெட்டி எப்போதோ பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. இருபது வருஷம் கையெட்டும் தூரத்தில் இருந்தபோது கேளாதவன், இப்போது பேத்தியின் செல்போனை இரவல் வாங்கிக் கேட்க வேண்டியதாயிற்று.

தட்டில் மொத்தம் ஆறு பாட்டுக்கள். திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளில் ஆறிலிருந்து எடுத்தவை. உறையிலே பெயர்களைப் பார்த்து, ஏட்டைப் புரட்டினபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருக்கோத்தும்பி, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து, யாத்திரைப் பத்து ஆகிய நான்கும் தில்லையில் அருளியவை என்று வழங்குகின்றன. பிடித்த பத்து தோணிபுரத்தில், அதாவது கொள்ளிடத்துக்குத் தெற்கே இருக்கும் நம் சீகாழியில். சிவபுராணம் ஒன்றுதான் தூரத்துத் திருப்பெருந்துறைக்கு உரியது. எங்கிருந்தோ வந்த அந்நியச் சரக்கு என்று நான் ஒதுக்கி வைத்தது, எங்கள் டவுன் பஸ் போகிற ஊர்களில் பிறந்த பாட்டு!

அந்த மார்கழி முழுவதும் வேறு காரியம் செய்யவில்லை. விடியற்காலையில் வாய்க்கால் கரையோரம் நடந்துகொண்டே கேட்பேன். மத்தியானம் படுத்துக்கொண்டு கேட்பேன். காதிலே சொருகிக்கொள்ளும் கம்பியைப் பேத்தி மாட்டிவிட்டாள். ஊரார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

முதலில் எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. நம்முடைய சங்கீதத்தில் வழி ஒன்றுதான். பாடகர் முன்னே போவார், பிடில்காரர் நிழல் மாதிரி பின்னே வருவார், தம்பூரா இருந்த இடத்தை விட்டு அசையாது. மேனாட்டு வாத்தியக் கோஷ்டியில் அப்படியில்லை. முதல் வயலின் ஒரு பேச்சுப் பேசினால், இரண்டாம் வயலின் வேறு பேச்சுப் பேசுகிறது. செல்லோ கீழே தன் பாட்டுக்கு மூன்றாவது பேச்சை ஆரம்பிக்கிறது. புல்லாங்குழல்காரர் எங்கோ ஒரு மூலையிலிருந்து குறுக்கே பேசுகிறார். எதைப் பின்பற்றுவது? ஒரு வாரம் திண்டாடினேன். பிறகு ஆருத்திரா தரிசனத்துக்கு முந்தின நாள் தேரோட்டத்துக்குச் சிதம்பரம் போனபோது விளங்கிற்று. நாலு வீதியிலும் தேர் ஐந்து ஓடுகின்றன. விநாயகருக்கு ஒன்று, முருகனுக்கு ஒன்று, நடராஜருக்கு ஒன்று, சிவகாமிக்கு ஒன்று, சண்டிகேசுவரருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வடம், தனிக் கூட்டம், தனி வேகம். ஒன்று நிற்கும்போது இன்னொன்று நகரும். ஆனாலும் ஓடுகிற வீதி ஒன்றே. எல்லாம் வந்து சேருகிற நிலையும் ஒன்றே. ஒரு தேரை மட்டும் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவனுக்குத் தேர்த் திருவிழா தெரியாது. அன்று இரவு வீட்டுக்கு வந்து கேட்டபோது, அந்த வாத்தியங்கள் என் காதில் சண்டை போடவில்லை.

இந்த ஐந்து தேருக்கும் வடம் பிடித்தவர் ஒரே மனிதர் என்பதுதான் பெரிய ஆச்சரியம். ஒவ்வொரு வாத்தியக்காரர் வாசிக்க வேண்டிய ஒவ்வொரு ஸ்வரத்தையும் தம் கையாலேயே மேனாட்டு முறையில் எழுதிவிடுவது இளையராஜாவின் வழக்கம். அவர் பிறந்தது 1943-ல், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பண்ணைப்புரம் என்னும் கிராமத்தில். தமையனார் பாவலர் வரதராஜனுடைய கோஷ்டியோடு ஊர் ஊராகப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சங்கீதம் பயின்றார். டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதம் கற்றார். 1976-ல் 'அன்னக்கிளி' வெளிவந்த நாள் முதல் தமிழ் நாட்டில் அவருடைய பாட்டுக் கேளாத டீக்கடை இல்லை. 1994-ல் எங்கள் சிதம்பரத்து அண்ணாமலை சர்வகலாசாலையே அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துக் கௌரவித்தது. பத்திரிகையில் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு, "சினிமாக்காரருக்கெல்லாம் பட்டமா?" என்று கேட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

ஹங்கேரிக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் நாம் நினைக்கிற மாதிரி வெறும் கூலிக்கு வாசிக்கிறவர்களாக எனக்கு இப்போது தோன்றவில்லை. அந்தத் தேசத்தில் கொடாய், பார்த்தோக் என்று இரண்டு சங்கீத மேதைகள் இருந்தார்கள். 1905, 1906 வருஷங்களில் தொடங்கி, ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குக்கிராமம் குக்கிராமமாகப் போய், குடியானவர்கள் பாடும் பாட்டுக்களைச் சேகரித்து, அதன் மேலேயே பெரிய சங்கீதம் கட்டினவர்கள். பண்ணைப்புரத்து மனிதர் எழுதிக் கொடுத்த தாளைப் புடாபெஸ்டில் வாங்கி வாசித்தவர்கள் அந்த மரபிலே வந்தவர்கள்.

'சிம்பொனியில் திருவாசகம்' என்று இதற்குப் பெயர் வைத்தது எனக்குச் சம்மதமில்லை. நண்பர் ஒருவர் விளக்கினார்: சிம்பொனி என்பது பெரும்பாலும் சொல் கலவாத வாத்திய இசை, பீத்தோவன் 1824-ல் தம் ஒன்பதாவது சிம்பொனியில் மனிதக் குரலைச் சேர்த்தது விதிவிலக்கு. வேத வாக்கியங்களைத் தனிக் குரலும் கூட்டுக் குரலும் வாத்தியமுமாக அமைத்தால் அதற்கு ஒரட்டோரியோ என்று பெயராம். இளையராஜாவின் முறையான சிம்பொனி, 'வேலியன்ட்' என்பது, 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் அரங்கேறிற்று. ஆகவே திருவாசகத் தட்டைச் சிம்பொனி என்பது, கோவைக்குக் கலம்பகம் என்று பெயர் வைப்பது போலத்தான். பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழ் வாத்தியாருக்குப் பெயரிலேதான் எல்லாம் இருக்கிறது.

ஒரட்டோரியோவிலே உலகப் பிரசித்தி பெற்றது ஹாண்டெல் என்பவருடைய 'மெஸையா'. 1742-ல் டப்ளின் நகரத்தில் முதன் முதலாகப் பாடினார்கள். மறு வருஷம் லண்டனில் பாடியபோது கூக்குரல் எழுந்ததாம். எதற்கு? வேதத்தை நாடகக் கொட்டகையிலே, நாடகக்காரர்கள் பாடலாமா என்று! அந்தச் சமாசாரத்தைக் கேட்டபோது எனக்கு வெட்கமும் வந்தது, கொஞ்சம் ஆறுதலும் வந்தது. இருநூற்று எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே சீமையில் எனக்கு உறவுமுறை இருந்திருக்கிறது பாருங்கள்.

இனிப் பாட்டுக்களுக்கு வருகிறேன். திருப்பொற்சுண்ணம் என்பது, இறைவனுடைய திருமஞ்சனத்துக்கு வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள் பாடுவதாக அமைந்தது. மோஹன ராகத்தில் நிதானமாகக் கேட்டுக் கேட்டு, இதிலே உரலும் உலக்கையும் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. தட்டிலே பெண்குரல்கள் சேர்ந்து வரும்போது உலக்கை விழுகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு காலத்தில் நெல் குத்தியபடி பாடின குரலும் அதுதான். சந்தம் சந்தம் என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினேனே, அந்தச் சந்தம் உலக்கை பிடித்த கையிலிருந்து பிறந்தது என்று ஒரு பிள்ளைக்காவது சொல்லியிருப்பேனா?

திருக்கோத்தும்பியில் வேறு விதம். அரச வண்டைக் கூப்பிட்டு, இறைவன் திருவடியிலே போய் ஊதும்படி ஏவுகிற பாட்டு அது. இளையராஜாவின் குரல் பெரிய வித்வானுடைய குரல் அல்ல. அதிலே ஒரு கரகரப்பு உண்டு. அந்தக் கரகரப்பே இங்கே உதவி செய்கிறது. கச்சேரி மேடையில் உட்கார்ந்து பாடுகிற வித்வானாக எனக்குப் படவில்லை. வாய்க்கால் கரையில் தனியாக உட்கார்ந்து வண்டோடு பேசுகிறவராகவே தோன்றுகிறார். பிடித்த பத்தோ, பற்றிக்கொண்டேன், இனி நீ எங்கே போய்விடுவாய் என்று இறைவனையே மடக்குகிற பாட்டு. அதைக் கேட்கிறபோது எனக்குக் கண்ணிலே நீர் வந்தது என்று எழுதினால், எழுபத்தேழு வயதுக் கிழவனுக்குக் கண்ணில் நீர் வருவது வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம் என்று என் வீட்டார் சொல்வார்கள். எழுதாமல் விடுகிறேன்.

சிவபுராணத்தில்தான் எனக்கு வழக்கு உண்டு. ஏறக்குறைய இருபது நிமிஷம் ஓடும் இதுவே தட்டில் மிகப் பெரியது. முதலடியிலிருந்து ஆரம்பிக்காமல் நடுவிலே, தன் வினையை நினைத்து அடிகள் இரங்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார். இது நல்ல யோசனை. புல், பூண்டு, புழு, மரம் என்று பிறவிகள் ஒவ்வொன்றாக வந்து போகிற இடம் அது. ஆனால் நடு நடுவே இங்கிலீஷ் வருகிறது. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க நாடகப் பாடலாசிரியர் எழுதிய வரிகள். திருவாசகத்தை இங்கிலீஷில் சொல்வது தவறு என்பதல்ல என் கட்சி. ஜி. யு. போப் ஐயர் எண்பது வயதில், 1900-ஆம் வருஷத்தில், முழுவதையும் மொழிபெயர்த்து ஆக்ஸ்போர்டில் வெளியிட்டாரே, அதை நாம் கொண்டாடவில்லையா? அவர் கிறிஸ்தவப் பாதிரியார். இந்தத் தட்டை வெளிக்கொணர்ந்த 'தமிழ் மையம்' ஸ்தாபனத்தை நடத்திய ஜெகத் கஸ்பர் ராஜ் அவர்களும் கத்தோலிக்கப் பாதிரியார்தான். திருவாசகத்துக்கு அந்த விதத்தில் நல்ல ராசி உண்டு. என் குறை வேறு. தமிழ் உருகிக் கீழே கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது, வேறு பாஷை வந்து கையைப் பிடித்து மேலே தூக்கி நிறுத்திவிடுகிறது. மறுபடியும் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. அயல் நாட்டார்க்கு இது ஒரு வாசற்படியாக இருக்கலாம். வீட்டுக்குள்ளே இருப்பவன் வாசற்படியில் தடுக்கிக்கொள்கிறான்.

என் பழைய சிநேகிதர் ஒருவர், பரம்பரையாகத் தேவாரம் பாடுகிற குடும்பத்தவர், அவருக்கும் போட்டுக் காட்டினேன். பொறுமையாக ஆறையும் கேட்டார். "நன்றாயிருக்கிறது. ஆனால் இதிலே நான் கூடச் சேர்ந்து பாட இடம் இல்லையே" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான். மோஹனத்திலே யாரும் சேர்ந்துகொள்ளலாம். குரல் இல்லாதவன் கூட முணுமுணுக்கலாம். இதை உட்கார்ந்து கேட்க மட்டுமே முடியும். என்றாலும், சேர்ந்து பாடுகிறபோது நம் குரலையே கேட்டுக்கொண்டு இருந்துவிடுகிறோம் என்பதும் உண்டு. நான் அறுபது வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தாரே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை.

தை பிறந்து நாலைந்து நாள் கழித்து, ஒரு நாள் ராத்திரி தமக்கை மகனுக்குப் போன் செய்தேன். இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். அவனுக்கே நாற்பது வயது தாண்டிவிட்டது. வழக்கமாக நான் போன் செய்தால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அர்த்தம். "என்ன மாமா, அம்மாவுக்கு ஏதாவது…" என்று பதறினான்.

"ஒன்றுமில்லை. நீ கொடுத்த தட்டைக் கேட்டேன்" என்றேன்.

மறு முனையில் சத்தமே இல்லை. சரி, போன்தான் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எந்தத் தட்டு?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"விஷம் என்று சொன்னேனே, அந்தத் தட்டு."

மீண்டும் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "எந்தப் பாட்டு மாமா முதலில் கேட்டீர்கள்?" என்றான். அச்சப்பத்து என்றேன். உடனே அவன் ஒன்றும் பேசாமல், பாட்டுக்குக் கீழே தந்தி வாத்தியங்கள் ஓடுகின்றனவே, அந்த ஓட்டத்தை வாயாலேயே ஹம் செய்தான். ஒரு இடங் கூடத் தப்பவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பையனை வயலின் எடுக்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உத்தியோகமும் வீடும் வாசலுமாக இன்று நன்றாகத்தான் இருக்கிறான். அதைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று மட்டும் எண்ணம் இருக்கிறது. நேரிலே சொல்ல வேண்டிய விஷயம்.

அவனுடைய பெண்ணுக்கு ஒன்பது வயது. வயலின் கற்றுக்கொள்கிறாளாம், இரண்டு வருஷமாக. இத்தனை நாள் இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கு எல்லோரும் வருகிறார்கள். குழந்தையை வயலினோடு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். அப்படியே, பெங்களூரில் எங்கேயாவது கிடைத்தால், இந்தத் தட்டைச் சுழற்றுகிற பெட்டி ஒன்றும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.